வெள்ளை மரமும் வண்ணப் பொம்மையும்

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் பேருந்து போகிறது. சுமார் 60 கிலோமீட்டர் தாண்டியதும் ஓர் ஊர் வருகிறது. சாலையின் இரு பக்கமும் பொம்மைக் கடைகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பொம்மைகள் பளபளக்கின்றன. எல்லாம் மரப் பொம்மைகள்.

ஒரு பாட்டி ஒரு கடையில் நிற்கிறார். பேரனுக்கு ஏழு மாதம். பல் முளைக்கும் நேரம். கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைத்துக் கடிக்கிறான். அவனுக்கு ஒரு கிலுகிலுப்பை வேண்டும்.

"ஏம்பா, இதைக் குழந்தை கடித்தால் சாயம் போகுமா?" என்று பாட்டி கேட்கிறார்.

"போகாதுங்க அம்மா. இது அரக்குச் சாயம். உள்ளே பாலை மரம். பயப்படாமல் கொடுங்கள்" என்கிறார் கடைக்காரர்.

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. கடைக்காரர் சொன்ன பதில் சரிதானா? அதை அறிய இந்தப் பொம்மையின் கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும். அது மரத்தில் தொடங்குகிறது.

எந்த மரம் எதற்கு?

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலை உண்டு. இது நம் முன்னோருக்கு நன்றாகத் தெரியும்.

கதவு செய்யத் தேக்கு. அது மழைக்கும் கறையானுக்கும் எளிதில் அசையாது. வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் கருவேலம். அது அடி தாங்கும். வீணை செய்யப் பலா. அதில் நாதம் நன்றாக எழும். நம் ஊர் மரப்பாச்சி பொம்மையைச் செம்மரத்தில் செய்வார்கள்.

அப்படியென்றால் கிலுகிலுப்பைக்கு எந்த மரம்?

குழந்தையின் கைக்குக் கனமாக இருக்கக் கூடாது. சிலாம்பு கிளம்பக் கூடாது. சிலாம்பு என்றால் கையில் குத்தும் மரநார். உருண்டையாகக் கடையும்போது உடையக் கூடாது. மேலே பூசும் நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும்.

இந்தக் குணங்கள் எல்லாம் ஒரு மரத்தில் சேர்ந்து இருக்கின்றன. அதுதான் வெட்பாலை.

வெட்பாலையைத் தெரிந்து கொள்வோம்

வெட்பாலை பெரிய மரம் அல்ல. வறண்ட காடுகளிலும் கல் நிறைந்த குன்றுகளிலும் வளரும். கோடையில் இலை உதிர்க்கும். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் என்று பல மாநிலங்களில் இது உண்டு.

இதை அடையாளம் காண்பது எளிது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். பூ வெள்ளையாக இருக்கும். காய்கள் இரண்டு இரண்டாகத் தொங்கும். மெல்லியதாக, நீளமாக இருக்கும். இரண்டு காய்களின் நுனியும் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்கும். காய் வெடித்தால் பஞ்சு ஒட்டிய விதைகள் காற்றில் பறக்கும்.

சில இடங்களில் இதைப் பால மரம் என்கிறார்கள். தந்தப்பாலை என்றும் சொல்வார்கள். இதன் கட்டை யானைத் தந்தம் போல வெளுத்து இருக்கும். கன்னடத்தில் இதை ஹாலே மரம், ஆலே மரம் என்பார்கள். நம் ஆலமரம் வேறு, இது வேறு. தெலுங்கில் இதன் பெயர் அங்குடு.

இதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார்கள். எண்ணெய் ஊதா நிறமாக மாறும். தோல் நோய்க்குச் சித்த மருத்துவத்தில் இதைப் பயன்படுத்துவார்கள்.

நல்ல குணம் எது? குறை எது?

தச்சர் ஒரு மரத்தை வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்பார். இது எதற்கு ஆகும்? எதற்கு ஆகாது?

வெட்பாலைக் கட்டையில் இழை நெருக்கமாக இருக்கும். ஒரே சீராக இருக்கும். அதனால் உளி எந்தப் பக்கம் போனாலும் கட்டை பிய்ந்து வராது. கடைந்த இடம் வழவழப்பாக இருக்கும். நிறம் வெளுப்பு. அதனால் மேலே பூசும் மஞ்சள் மஞ்சளாகவே தெரியும். சிவப்பு சிவப்பாகவே தெரியும். கருத்த மரத்தில் பூசினால் நிறம் மங்கிவிடும்.

கடைசல் வேலைக்கு இது மிகவும் ஏற்ற மரம். கிண்ணம், தட்டு, கட்டில் கால், பேனாத் தண்டு, பென்சில் ஆகியவற்றை இதில் செய்திருக்கிறார்கள். சீப்பும் செய்வார்கள்.

ஆனால் இதற்குக் குறையும் உண்டு. மழையிலும் மண்ணிலும் கிடந்தால் சீக்கிரம் கெடும். பூச்சி அரிக்கும். பச்சை மரத்தை வெட்டி அப்படியே குவித்துப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைக் கட்டையில் கறை விழும். வீட்டுக்கு உத்தரமும் நிலைக்கதவும் செய்ய இது ஆகாது.

ஆகவே இதை மட்டமான மரம் என்று சொல்லலாமா? கூடாது. தேக்கில் கதவு செய்கிறோம். வெட்பாலையில் பொம்மை செய்கிறோம். வேலைக்கு ஏற்ற மரத்தைத் தேர்ந்தெடுப்பதே தச்சரின் அறிவு.

காயாத கட்டை கைவிடும்

வெட்டிய மரத்தின் உள்ளே நிறையத் தண்ணீர் இருக்கும். தண்ணீர் வற்றும்போது கட்டை சுருங்கும். ஈரக் கட்டையில் பொம்மை செய்தால் என்ன ஆகும்? இரண்டு மாதத்தில் பொம்மை வெடிக்கும். செருகிய பாகம் கழன்று விழும். கழன்ற சிறு துண்டு குழந்தையின் தொண்டையில் சிக்கலாம்.

அதனால் முதலில் கட்டையை உலர்த்த வேண்டும். பட்டையை உரிப்பார்கள். நிழலில் அடுக்குவார்கள். வெயிலில் போட்டால் வெளிப்புறம் சீக்கிரம் காயும், உட்புறம் காயாது. அப்போது கட்டை பிளக்கும். கட்டைகளுக்கு நடுவே சிறு குச்சிகளை வைப்பார்கள். காற்று புகுந்து வர வழி கிடைக்கும். கட்டையின் இரு முனைகளும் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். முனையில் மெழுகு பூசினால் அது குறையும்.

சிறு கட்டைகள் உலர இரண்டு, மூன்று மாதம் ஆகலாம்.

கட்டை காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? ஒரு கட்டையை எடுத்து எடை போடுங்கள். எடையைச் சீட்டில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எடை போடுங்கள். எடை குறைந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பல வாரம் எடை மாறாமல் இருந்தால் கட்டை காய்ந்துவிட்டது. தராசும், எழுதப் படிக்கத் தெரிந்த கையும் இருந்தால் போதும்.

கடைசல் பட்டறையில்

காய்ந்த கட்டையைத் துண்டு துண்டாக அறுப்பார்கள். ஒரு துண்டைக் கடைசல் எந்திரத்தில் பொருத்துவார்கள். எந்திரம் சுற்றும். கட்டையும் வேகமாகச் சுற்றும். கைவினைஞர் உளியைக் கட்டையின் மேல் வைப்பார். மரம் சுருள் சுருளாகச் சீவிக் கொண்டு விழும். சதுரக் கட்டை உருண்டை ஆகும். உருண்டை கிலுகிலுப்பையின் தலை ஆகும். தலையின் உள்ளே குடைந்து மணிகளைப் போட்டு மூடுவார்கள். குலுக்கினால் சத்தம் வரும்.

பழைய காலத்தில் கையால் எந்திரத்தைச் சுற்றினார்கள். கயிற்றை இழுத்தால் கட்டை சுற்றும். இப்போது பெரும்பாலும் மின்சாரத்தில் சுற்றுகிறது. ஆண்கள் மட்டும் செய்த இந்த வேலையைப் பெண்களும் கற்றுக்கொண்டு செய்கிறார்கள்.

இந்த வேலையில் கவனம் வேண்டும். சுற்றும் எந்திரத்தில் சேலைத் தலைப்பு சிக்கலாம். பின்னல் சிக்கலாம். தொளதொளப்பான சட்டைக் கையும் சிக்கலாம். எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். கண்ணாடி அணிந்தால் கண்ணுக்குக் காப்பு.

அரக்கு என்னும் அதிசயம்

கடைந்த பொம்மை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இனி நிறம் ஏற்ற வேண்டும். அதற்குத் தூரிகை வேண்டாம். டப்பா பெயிண்டும் வேண்டாம். அரக்கு போதும்.

அரக்கு எங்கிருந்து வருகிறது? ஒரு சிறு பூச்சியிடமிருந்து வருகிறது. அரக்குப் பூச்சி புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் ஒட்டிக்கொண்டு வாழும். சாற்றை உறிஞ்சும். தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரக்கும். அந்தப் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் இதை அதிகமாக எடுக்கிறார்கள். அங்கே காட்டு ஓரத்துக் குடும்பங்களுக்கு இது ஒரு வருமானம்.

அரக்கைச் சூடாக்கினால் இளகும். அதில் நிறத்தைச் சேர்த்துப் பிசைவார்கள். குச்சி போல இழுத்து ஆற விடுவார்கள். இது அரக்குக் கோல். மஞ்சள் நிறத்துக்கு நாம் சமையலில் போடும் மஞ்சளே போதும். நீலத்துக்கு அவுரி. இரண்டையும் கலந்தால் பச்சை.

பொம்மை எந்திரத்தில் சுற்றிக் கொண்டிருக்கும். அரக்குக் கோலை அதன் மேல் அழுத்துவார்கள். இரண்டும் உராயும்போது சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். பிறகு காய்ந்த தாழை மடலை எடுத்து வைத்துத் தேய்ப்பார்கள். நிறம் ஒரே சீராகப் பரவும். பொம்மை கண்ணாடி போல மின்னும்.

பாருங்கள். காட்டு மரம், பூச்சியின் பிசின், சமையல் மஞ்சள், வேலித் தாழை. இவை எல்லாம் சேர்ந்து ஒரு பொம்மை ஆகிறது.

இரண்டு ஊர்கள்

பாட்டி நின்ற கடை எந்த ஊரில் இருக்கிறது? அதுதான் சென்னபட்டணா. கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அதைப் பொம்மைகளின் ஊர் என்றே அழைக்கிறார்கள்.

திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்கள் வந்து இந்தக் கலையைக் கற்பித்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். பாவாஸ் மியான் என்பவரையும் மறக்காமல் நினைக்கிறார்கள். ஜப்பான் நாட்டுக் கடைசல் முறையை இங்கே கொண்டுவந்தவர் அவர் என்பார்கள்.

சென்னபட்டணா பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்படி என்றால் என்ன? ஒரு பொருளுக்கும் அது பிறந்த ஊருக்கும் உள்ள உறவைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. வேறு எங்கோ செய்த பொம்மையைச் சென்னபட்டணா பொம்மை என்று விற்கக் கூடாது.

இன்னோர் ஊர் ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. வராக நதிக் கரையில் இருக்கும் ஏட்டிகொப்பாக்கா. அங்கேயும் இதே மரம். அங்கேயும் அரக்கு. அந்தப் பொம்மைக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஏட்டிகொப்பாக்காவில் ஒரு சோதனை வந்தது. மலிவான ரசாயனச் சாயங்கள் பட்டறைக்குள் நுழைந்தன. பொம்மை பளிச்சென்று இருந்தது. ஆனால் குழந்தைக்கு அது நல்லதா? சி.வி. ராஜு என்பவர் அந்த ஊரைச் சேர்ந்தவர். அவர் கைவினைஞர்களுடன் சேர்ந்து செடி, கொடி, விதை, பட்டை ஆகியவற்றிலிருந்து மறுபடி சாயம் எடுத்தார். அதை அரக்கில் கலக்கும் வழியைக் கண்டார். 2023ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சாயத்தில் இருக்கும் ஆபத்து

ரசாயனச் சாயம் எல்லாமே விஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் சில பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கும். ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். படிப்பு ஏறாது. உடல் வளர்ச்சி குறையும். பொம்மையைக் கடிக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் ஈயம் போகும். அதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. மோந்து பார்த்தும் அறிய முடியாது.

நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கு ஒரு விதி உண்டு. பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. இந்த விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பொம்மைக்கும் விதி உண்டு. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆனது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்குத் தந்தார்கள். அதனால் கைவினைப் பொம்மையில் அந்த முத்திரை இல்லாமல் இருக்கலாம். அப்போது நம்பிக்கைதான் முத்திரை. நாம் கேட்க வேண்டும். செய்தவர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இப்போது கடைக்காரர் சொன்ன பதிலுக்கு வருவோம். மரம் பாலை, மேலே அரக்கு என்றார். அது பாதிப் பதில்தான். அரக்கில் எந்த நிறத்தைச் சேர்த்தார்கள் என்பதுதான் மீதிப் பதில். மஞ்சளும் அவுரியும் சேர்த்திருந்தால் பாட்டி நிம்மதியாக வாங்கலாம். அதே அரக்கில் கண்ட ரசாயனப் பொடியைக் கலந்திருந்தால் மரம் நல்லதாக இருந்தும் பயன் இல்லை.

வாங்கும்போது கவனியுங்கள்

1. எந்த மரம், எந்தச் சாயம் என்று கேளுங்கள்.

2. பொம்மையைக் கையால் தடவிப் பாருங்கள். சிலாம்பு, கூர்மையான முனை இருக்கக் கூடாது.

3. பாகங்களை இழுத்துப் பாருங்கள். கழன்றால் வாங்காதீர்கள். குழந்தையின் வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறிய பொம்மையும் வேண்டாம்.

4. ஈரத் துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அது நல்ல வேலை அல்ல. நிறம் ஒட்டவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் கேள்வியும் வேண்டும்.

5. வாங்கிய பொம்மையைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள். கடும் வெயிலிலும் வைக்காதீர்கள். சூட்டில் அரக்கு இளகும். துணியால் துடைத்தால் போதும்.

மரம் இருந்தால்தான் பொம்மை

இந்தத் தொழிலுக்குப் பிளாஸ்டிக் பொம்மை ஒரு போட்டி. அது மலிவு. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மரம் தீர்ந்தால் என்ன செய்வது?

தேக்கு மரத்தைத் தோப்பாக வளர்க்கிறோம். வெட்பாலையை அப்படி வளர்ப்பவர்கள் குறைவு. காட்டில் தானாக முளைத்ததையே வெட்டி வந்தோம். எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தப் பானையும் காலியாகும். மரம் கிடைக்காவிட்டால் உளி பிடித்த கை கூலி வேலைக்குப் போகும். ஒரு தலைமுறை உளியைக் கீழே வைத்தால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது.

ஆனால் வெட்பாலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வறண்ட மண்ணில் வளரும். இலையை ஆட்டுக்குத் தழையாகப் போடலாம். வயல் வரப்பிலும் தரிசு நிலத்திலும் இதை நடலாம். காய் வெடிக்கும் முன் பறித்து விதை எடுக்க வேண்டும். வெடித்தால் விதை பறந்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். காட்டு மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டுவது குற்றம். சொந்த நிலத்து மரமாக இருந்தாலும், வெட்டும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டியின் பேரன்

பாட்டி மறுபடி கேட்டார். "மரம் பாலை என்று சொன்னாய். சாயம் எதில் செய்தது?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். இரண்டு கிலுகிலுப்பைகளை எடுத்து வைத்தார். "இது செடிச் சாயம் அம்மா. இது கடைச் சாயம். செடிச் சாயத்தில் பளபளப்பு கொஞ்சம் குறைவு. விலை கொஞ்சம் அதிகம்" என்றார்.

பாட்டி பளபளப்பு குறைந்ததை வாங்கிக்கொண்டார்.

ஒரு கேள்வியில் பேரனுக்கு நல்ல பொம்மை கிடைத்தது. மஞ்சள் அரைத்து நிறம் ஏற்றிய கைவினைஞருக்கும் கூலி கிடைத்தது. இப்படி நாலு பேர் கேட்டால் கடைக்காரரும் நல்ல சாயப் பொம்மையையே வாங்கி வைப்பார்.

சிந்தித்துப் பாருங்கள்

உங்கள் ஊரில் எந்த மரத்தில் என்ன செய்கிறார்கள்?

உங்கள் வீட்டுக் குழந்தை கடிக்கும் பொம்மையில் என்ன சாயம் இருக்கிறது? வாங்கும்போது கேட்டீர்களா?

உங்கள் ஊர்க் குன்றிலோ தரிசிலோ வெட்பாலை இருக்கிறதா? நுனி ஒட்டிய இரட்டைக் காய்களைத் தேடிப் பாருங்கள்.